குருவிக்கும் ஒரு பதிவேடு

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் இதற்கு முன் பேசியவர்கள் இலக்கியம் கற்றவர்கள். யாமோ பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தோமில்லை. தந்தையார் மறைந்தபின் இரயில்வேயில் கடைநிலைப் பணியில் சேர்ந்து, தேர்வு எழுதி, எழுத்தராக உயர்ந்தோம். செயலாளர் அவர்கள் வீடு தேடி வந்து, இம்முறை பேசவேண்டும் என்று பணித்தபோது, பதிவேடு எழுதுவதைத் தவிர எமக்கு வேறொன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தோம். அவரோ, "அப்படியானால் பதிவேட்டைப் பற்றியே பேசுங்கள்" என்று கூறி, காபியை அருந்திவிட்டு எழுந்து போய்விட்டார். ஆகவே இன்று பதிவேட்டைப் பற்றியே பேசப் போகின்றோம். ஆனால் அது இரயில்வேப் பதிவேடு அன்று, குருவிகளின் பதிவேடு.

எம் மூத்த மகள் கல்லூரியில் விலங்கியல் பயில்கின்றாள். விடுமுறைக்கு வந்திருந்தவள் ஓர் இரவு உண்ணும்போது, ஒரு பல்கலைக்கழகம் தானே ஒரு காட்டை வைத்துக் காத்து, அங்குள்ள உயிர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கணக்கெடுத்து வரும் செய்தியைச் சொன்னாள். கையில் எடுத்த சோறு கையிலேயே இருக்கக் கேட்டுக்கொண்டிருந்தோம். பின்னர் அவள் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துப் பொருள் தெரிந்துகொண்டோம். இவ்வுரையில் பிழை இருப்பின் அது எம்முடையது. நலம் இருப்பின் அதில் பாதி அவளுடையது.

இங்கிலாந்து நாட்டில் ஆக்ஸ்போர்டு நகருக்கு வடமேற்கே, தேம்ஸ் ஆறு வளைந்து செல்லும் ஒரு குன்றின்மேல், வைட்டம் என்னும் காடு இருக்கின்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,000 ஏக்கர். நம் மத்தியப் பிரதேசத்துக் கானாக் காட்டோடு ஒப்பிட்டால் அது ஒரு மூலைக்கும் காணாது. அங்கே புலி இல்லை, யானை இல்லை. கருவாலி மரங்களும் பிற இலையுதிர் மரங்களும், குருவிகளும், ஆந்தைகளும், எலிகளும், பூச்சிகளும் உள்ளன. ஆயினும் உலகில் மிக நெடுங்காலம் ஆராயப்பெற்ற காடுகளுள் அதுவும் ஒன்று.

அக்காடு ரேமண்ட் ஃபென்னெல் என்னும் செல்வருக்கு உரியதாக இருந்தது. அவருக்கு ஒரே மகள், பெயர் ஹேசல். அம்மகள் 1939-ஆம் ஆண்டில் இறந்துபோனார். பெற்றோர் அவர் நினைவாக அக்காட்டை 1942-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினர். காட்டின் இயற்கை எழில் கெடாமல் காக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் விரும்பிய ஏற்பாடு. மகளை இழந்தவர் கோயில் கட்டுவதுண்டு, சத்திரம் வைப்பதுண்டு. இவர்கள் ஒரு காட்டையே நினைவுச் சின்னமாக்கினார்கள். கொடுத்தவர்களுக்கு அக்காட்டிலிருந்து பின்னாளில் என்ன வெளிப்படும் என்று தெரிந்திருக்க இயலாது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

அப்பல்கலைக்கழகத்தில் சார்லஸ் எல்டன் என்றோர் அறிஞர் இருந்தார். உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் முறையை ஆராயும் சூழலியல் என்னும் துறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர். 1927-ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் இன்றும் அத்துறையின் அடிப்படை நூலாகப் போற்றப்படுகின்றது. அவரைப் பற்றிய ஒரு செய்தி எம்மைப் போன்ற எழுத்தர்களின் நெஞ்சைக் குளிர்விப்பது.

கனடா நாட்டில் ஹட்சன் விரிகுடாக் கும்பினி என்றொரு வணிக நிறுவனம் இருந்தது. 1670-ஆம் ஆண்டில் தொடங்கியது. வேடர்களிடமிருந்து மென்மயிர்த் தோல்களை வாங்கி இலண்டனுக்கு அனுப்புவது அதன் தொழிலாக இருந்தது. எந்த ஆண்டில் எத்தனை தோல் வந்தது என்பதை அதன் கணக்கர்கள் ஏட்டில் எழுதி வைத்தனர். அவர்களுக்கு அது வெறும் வரவு செலவு. அவ்வேடுகளை எல்டன் ஆராய்ந்தார். லிங்க்ஸ் என்னும் காட்டுப்பூனையின் தோல்கள் ஏறத்தாழ பத்து ஆண்டுக்கு ஒருமுறை பெருகியும், பின் மிகக் குறைந்தும், மீண்டும் பெருகியும் வந்திருப்பதைக் கண்டார். அப்பூனை தின்று வாழும் பனிமுயலின் பெருக்கமும் குறைவும் அதனோடு சேர்ந்தே நிகழ்வது. 18-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடரும் அக்கணக்குகளைக் கொண்டு அவரும் அவருடைய துணைவரும் 1942-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். குளிரில் விரல் விறைக்க அமர்ந்து தோல் எண்ணி எழுதிய அக்கணக்கர், தாம் ஒரு விஞ்ஞானத்திற்குக் கால்கோள் செய்கின்றோம் என்று கனவிலும் கருதியிருப்பாரா?

அத்தகைய எல்டனே வைட்டம் காட்டுக்கும் கணக்கெழுதத் தொடங்கினார். மரத்தின் உச்சியில் யார், அடிமரத்தில் யார், உதிர்ந்த சருகில் யார், குட்டையில் யார் என்று, நாம் குடியிருப்பு வாரியாகக் குடும்ப அட்டை எழுதுவதைப் போல, உயிர்களை இடவாரியாகப் பதிந்தார். அவ்வுழைப்பின் பயனாக 1966-ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளிவந்தது. பட்டுப்போய் விழுந்து கிடக்கும் மரத்தைக் குப்பை என்று அகற்றிவிடக் கூடாது. அதை நம்பி வாழும் உயிர்கள் எண்ணற்றவை. அதை அகற்றினால் காடே வறுமைப்படும் என்று அவர் எடுத்துக்காட்டினார்.

இனிக் குருவிக்கு வருவோம். டேவிட் லாக் என்னும் அறிஞர் முதலில் ஒரு பள்ளி ஆசிரியர். ஓய்வு நேரத்தில் பறவைகளை நோக்கி வந்தவர், 1945-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டின் பறவையியல் ஆராய்ச்சி நிலையத்திற்குத் தலைவரானார். 1947-ஆம் ஆண்டில், நம் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், அவர் வைட்டம் காட்டு மரங்களில் மரப்பெட்டிகளை மாட்டினார். பட்டாணிக் குருவி என்று நாம் சொல்லும் இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை அப்பெட்டிகளில் கூடு கட்டும். கருந்தலை, வெண்கன்னம், மார்பின் நடுவே கருங்கோடு. அங்குள்ளதற்கு வயிறு மஞ்சள். அதன் நெருங்கிய உறவாகிய சாம்பல் நிறப் பட்டாணிக் குருவி நம் நாட்டிலும் உண்டு. மரம் அடர்ந்த இடங்களில் கூர்ந்து நோக்கினால் காணலாம். எடை ஏறத்தாழ 18 கிராம்.

லாக் அறிய விரும்பிய வினா எளியது. ஒரு பறவை எட்டு ஒன்பது முட்டையோடு ஏன் நிறுத்திக்கொள்கின்றது? இன்னும் அதிகமாக இட்டால் என்ன? தாயும் தந்தையும் எத்தனை குஞ்சுகளுக்கு நன்றாக ஊட்டி வளர்க்க முடியுமோ, அந்த அளவுக்கே இயற்கை முட்டைகளை வரையறுத்திருக்கின்றது என்பது அவர் கொள்கை. அதிகம் பெற்றால் ஒவ்வொன்றுக்கும் இரை குறையும். இளைத்த குஞ்சு பிழைப்பது அரிது. பின்வந்த கிறிஸ் பெரின்ஸ் என்பவர் கூட்டில் வளரும் குஞ்சுகளை நிறுத்துப் பார்த்து, எடை மிக்க குஞ்சுகளே பெரும்பாலும் பிழைத்து மறுபடியும் காணப்படுகின்றன என்று நிறுவினார். சம்பளக்காரக் குடும்பத்தினராகிய நமக்கு இதனை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

இதற்கான வேலைதான் எம்மைக் கவர்ந்தது. வசந்த காலத்தில் ஒவ்வொரு பெட்டியையும் முறை வைத்துத் திறந்து பார்க்கவேண்டும். அப்பறவை நாளுக்கு ஒரு முட்டை வீதம் இடும். ஆகவே நான்கு முட்டை கண்டால், முதல் முட்டை எந்நாளில் இட்டது என்று பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம். குஞ்சுக்கு 15 நாள் ஆனதும் எடுத்து நிறுத்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, மீண்டும் கூட்டில் வைக்கவேண்டும். அந்த எண் அதற்கு வாழ்நாள் முழுதும் உரியது. அடுத்த ஆண்டு அது தாயாகி வந்தால் அதன் தாய் யார், பாட்டி யார் என்று ஏடு சொல்லும். இன்று பெட்டிகள் ஆயிரத்திற்கு மேல். மழையோ பனியோ, ஆண்டு தவறாமல் பெட்டி பெட்டியாகச் சென்று பார்த்து எழுதுகின்றார்கள். அண்மைக் காலத்தில் மின்னணுச் சில்லுகளும் வந்துள்ளன. எனினும் பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு ஓர் ஆள் நடந்துதான் செல்லவேண்டும்.

அதே காட்டில் வேறு சிலரும் தத்தம் ஏட்டைத் திறந்தனர். சதர்ன் என்பவர் 1947 முதல் 1959 வரை பழுப்பு ஆந்தைகளைக் கணக்கெடுத்தார். எலிகள் மிக அருகிய ஆண்டில் ஆந்தைகள் முட்டையிடுவதையே விட்டுவிட்டன என்று கண்டார். வார்லி, கிராட்வெல் என்னும் இருவர் 1950 முதல் 1968 வரை ஐந்தே ஐந்து கருவாலி மரங்களின் அடியில் தட்டுகளை வைத்து, மேலிருந்து விழும் புழுக்களை எண்ணினார்கள். பதினெட்டு ஆண்டு புழு எண்ணுவது என்பதைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் அப்புழுதான் இக்கதையின் உயிர்நிலை.

அது குளிர்கால அந்து என்னும் பூச்சியின் புழு. அதன் தாய்க்குப் பறக்கும் சிறகு இல்லை. குளிர்காலத் தொடக்கத்தில் அடிமரத்தில் ஊர்ந்து ஏறி, மேலே முட்டையிட்டு மடியும். வசந்தத்தில் கருவாலி துளிர்க்கும் வேளையில் முட்டைகள் பொரியும். துளிர் இளசாய் இருக்கும்வரையில்தான் புழுவுக்கு விருந்து. சில வாரங்களில் இலை முற்றித் துவர்ப்பேறிவிடும். அதற்குள் தின்று கொழுத்துத் தரையில் விழுந்து மண்ணுக்குள் புகுந்துவிடும். குருவிக் குஞ்சுகளுக்கு அப்புழுவே முக்கிய உணவு. ஒரு கூட்டுக்கு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான புழுக்கள் வேண்டும். எனவே குஞ்சுகள் வாய் பிளந்து இரை கேட்கும் நாளும், காட்டில் புழு மலிந்திருக்கும் நாளும் பொருந்தி வரவேண்டும். முட்டையிட ஒன்பது நாள், அடைகாக்க ஏறத்தாழ இரண்டு வாரம், குஞ்சு வளரப் பத்து நாள் என்று கூட்டினால், தாய்க் குருவி ஒரு மாதத்திற்கு முன்பே நாள் குறிக்கவேண்டும். முகூர்த்த நாளும் சமையற்காரர் வரும் நாளும் வேறு வேறானால் கல்யாண வீடு என்னவாகும்? அக்கதிதான் குஞ்சுகளுக்கும்.

இப்போது கேளுங்கள். லாக் 1973-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் எழுப்பிய வினாவுக்கு விடையும் கிடைத்துவிட்டது. "விடை கிடைத்தாயிற்று, இனி ஏன் பெட்டி திறந்து பார்க்கவேண்டும்?" என்று யாரேனும் ஏட்டை மூடியிருந்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் மூடவில்லை. கைகள் மாறின, ஏடு தொடர்ந்தது. 2008-ஆம் ஆண்டில், 1961 முதல் 2007 வரையான 47 ஆண்டுக் கணக்கை ஒருங்கே பார்த்தபோது ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது. அக்காட்டுக் குருவிகள் முட்டையிடும் நாள் ஏறத்தாழ இரண்டு வாரம் முந்திவிட்டது. வசந்தம் வெம்மையுற்று வருகின்றது, துளிர் முந்துகின்றது, புழு முந்துகின்றது, குருவியும் அவற்றோடு ஒட்டி முந்துகின்றது. ஆனால் எல்லா இடத்திலும் இவ்வாறு நிகழவில்லை. நெதர்லாந்து நாட்டுக் காடொன்றில் புழுக்கள் முந்தியும், குருவிகள் அதற்கேற்ப முந்தவில்லை என்று 1998-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறிற்று. வைட்டம் காட்டுக்குள்ளேயே கூட எல்லாக் குருவிகளும் ஒரே அளவில் மாறவில்லை. நலமான கருவாலி மரங்களுக்கு அருகே கூடு கட்டியவை அதிகமாகவும், நோயுற்ற மரங்களுக்கு அருகே கட்டியவை குறைவாகவும் முந்தியிருக்கின்றன என்று 2021-ஆம் ஆண்டின் ஆராய்ச்சி ஒன்று தெரிவிக்கின்றது.

உலகம் வெப்பமடைந்து வருவதைப் பற்றி இன்று எல்லோரும் பேசுகின்றோம். 1947-ஆம் ஆண்டில் பெட்டி மாட்டியவர் அதற்காக மாட்டவில்லை. அவர் கேட்டது முட்டையின் எண்ணிக்கையைப் பற்றி. ஏடு சொன்னது காலத்தின் மாற்றத்தைப் பற்றி. இடையறாது எழுதப்பட்டதால்தான் பின்வந்தவர் புதிய வினாவை எழுப்பிப் பழைய பக்கங்களில் விடை தேட முடிந்தது. விட்டுப்போன ஆண்டை எவராலும் திரும்பச் சென்று எண்ணிவர முடியாது.

பெரியோர்களே, இதனை யாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அது எம் பிழை. இச்சபையில் சொல்லக் கூசினாலும் சொல்லிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் அலுவலகத்தில் பழைய காகிதங்களைக் கழிக்கும் வேலை எம்மிடம் வந்தது. எந்த ஏட்டை எத்தனை ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பதற்கு விதி உண்டு. அந்தப் பட்டியலில் அடங்காத ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் அலமாரியின் அடியில் கிடந்தது. ஒரு சிறு நிலையத்தில் மழைமானி வைத்து, ஒருவருக்குப் பின் ஒருவராக வந்த நிலைய அதிகாரிகள் காலைதோறும் பெய்த மழையை அதில் குறித்திருந்தார்கள். மை மாறியிருந்தது, கையெழுத்து மாறியிருந்தது, ஆங்கிலமும் இந்தியும் கலந்திருந்தன, ஓரிடத்தில் ஒரு தமிழர் கையொப்பமும் கண்டோம். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட மழை அது. யாம் இரண்டு பக்கம் புரட்டினோம். விதியில் இல்லை என்று கழிவுக் காகிதத்தோடு கட்டிவிட்டோம்.

மூன்று ஆண்டு கழித்து ஒரு பெருமழையில் அப்பகுதி ஓடையின் வெள்ளம் பாலத்தின் அணைமண்ணை அரித்தது. புதிய பாலத்திற்குத் திட்டமிட வந்த பொறியாளர், அந்நிலையத்தின் பழைய மழைக் கணக்கு எங்கேனும் இருக்குமா என்று கேட்டார். யாம் தலைகுனிந்து நின்றோம். எவரும் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை, விதிப்படிதான் செய்திருந்தோம். ஆயினும் அந்தக் கையொப்பங்கள் அன்று இரவு முழுதும் கண்முன் நின்றன. விடியுமுன் எழுந்து மழைமானியை நோக்கி நடந்த அத்தனை பேரின் உழைப்பையும் ஒரு சணல் கயிற்றில் கட்டி அனுப்பிவிட்டோமே என்ற எண்ணம் இன்னும் ஆறவில்லை.

அதற்குக் கழுவாய்போல ஒரு சிறு செயல் தொடங்கினோம். நம் சங்கக் கட்டடத்தின் முன் நிற்கும் வேப்பமரத்தை நீங்கள் அறிவீர்கள். சித்திரை முதல் நாளுக்குப் பச்சடி செய்ய நம் வீட்டுப் பெண்மணிகள் பூப் பொறுக்குவது அதன் அடியில்தான். "இவ்வாண்டு முன்னமே பூத்துவிட்டது", "சென்ற ஆண்டு பூவே கிடைக்கவில்லை" என்று ஆண்டுதோறும் பேசிக்கொள்கின்றோம். உண்மையில் எப்போது பூத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு நாள் சொல்கின்றோம். ஆகவே நான்கு ஆண்டுகளாக அம்மரத்தின் முதல் துளிர், முதல் பூ, முதல் பழம் ஆகியவற்றின் நாளை ஒரு நோட்டில் குறித்து வருகின்றோம். முதல் பூக் கண்ட நாள் பத்து நாள் வரை முன்பின்னாக மாறுகின்றது. இதிலிருந்து என்ன தெரிகின்றது என்று கேட்டால், ஒன்றும் தெரியவில்லை என்பதே நேர்மையான விடை. நான்கு ஆண்டு போதாது. நாற்பது ஆண்டு வேண்டும்.

நாற்பது ஆண்டு யாம் இங்கே இருப்போமா? இரயில்வேக் குடும்பங்களின் வாழ்வு உங்களுக்குத் தெரியாததன்று. மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டியைக் கட்டவேண்டும். பணி ஓய்வு வந்தால் குடியிருப்பைக் காலி செய்யவேண்டும். ஆனால் நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பணி மாறும்போது சார்ஜ் கொடுத்துவிட்டுப் போவது நம் வழக்கம். சாவி இத்தனை, ஏடு இத்தனை என்று எண்ணிக் கையொப்பம் பெற்றுக்கொண்டு செல்கின்றோம். வைட்டம் காட்டில் நிகழ்ந்ததும் அதுதானே? எல்டன் போனார், லாக் போனார். சார்ஜ் ஒழுங்காகக் கைமாறியதால் ஏடு நிலைத்தது.

எனவே இச்சபைக்கு ஒரு வேண்டுகோள். அந்நோட்டைச் சங்கத்தின் பதிவேடாக ஏற்றுக்கொள்ளுங்கள். சங்கத்தின் வரவு செலவுக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் ஒவ்வோர் ஆண்டும் புதிய செயலாளருக்குக் கைமாறுவதைப் போல இதுவும் மாறட்டும். நம் சிறுவர் சிறுமியர் வாரத்திற்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்து எழுதட்டும். இந்தியாவெங்கும் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்து வாரந்தோறும் அதன் இலை, பூ, காய்களைக் குறித்து அனுப்பும் 'சீசன்வாட்ச்' என்னும் திட்டம் ஒன்றும் நடக்கின்றது. விரும்பினால் அதிலும் நம் வேம்பைச் சேர்க்கலாம். எழுதும் தமிழ் எழுத்தும் பிள்ளைகளுக்குக் கைவரும். மரத்தை வெட்டவேண்டும் என்று யாரேனும் வந்தால், இதோ இம்மரத்தின் வரலாறு என்று எடுத்துக்காட்ட நம் கையில் ஓர் ஏடும் இருக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். பார்க்காத நாளைப் பார்த்ததாக எழுதாதீர்கள். பூ இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். மறந்துவிட்டால் மறந்தோம் என்று எழுதுங்கள். அவ்வாறு எழுதிய ஏட்டைத்தான் பின்வருபவர் நம்புவர்.

அந்நோட்டை இன்று கையோடு கொண்டுவந்திருக்கின்றோம். நான்கு பக்கம் நிரம்பியிருக்கின்றது. மற்றவை வெறுமையாக உள்ளன. கூட்டம் முடிந்தவுடன் செயலாளர் அவர்களிடம் ஒப்படைத்து, வழக்கம்போல் கையொப்பம் பெற்றுக்கொள்வோம்.